கல்யாணத்துக்குப் போகாத அகத்தியர்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் சிறுமலை பஸ் வருகிற வழியாக இல்லை. எங்கே போவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. நிழல் இருந்ததால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அந்த பஸ்ஸுக்காகக் காத்திருந்த இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் பெரியவர்களுக்கான டயப்பர் கட்டு.

“அகத்தியரே கல்யாணத்துக்குப் போகல, நான் எம்மாத்திரம்?” என்றாள் இளையவள்.

“என்னடி உளர்ற?” என்றாள் மூத்தவள்.

“சிவன் கல்யாணத்துக்கு எல்லாரும் வடக்க போனதுல பூமி சாஞ்சிருச்சாம்க்கா. அகத்தியர மட்டும் தெக்க அனுப்பி நிமித்துனாங்களாம். எங்க வீட்லயும் அம்புட்டுப் பேரும் கல்யாணத்துக்குத் திருப்பூருக்குப் போயாச்சு. படுத்த படுக்கையா கெடக்குற மாமனாருக்கு நான்.”

“கொழுந்தன் மக கல்யாணம்டி. அவள நீதானடி தூக்கி வளத்த?”

“வளத்தேன். இவரப் பொரட்டிப் படுக்க வைக்கலேன்னா முதுகு புண்ணாயிருமே.”

“அகத்தியருக்கு இருந்த எடத்துலயே சிவன் கல்யாணத்தக் காட்டுனாருல்ல?”

“எனக்கும் காட்டுறாங்க. வீடியோ கால்ல.”

“நம்ம ஊர்ல ஏதுடி டவரு?”

“வீட்டுக்கு மேல இருக்குற பாறையில ஏறுனா கெடைக்கும்.”

மூத்தவள் சிரித்தாள். இளையவள் சிரிக்கவில்லை.

“நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு முகூர்த்தம்க்கா. செத்த நேரம் மாமாகிட்ட வந்து உக்காருவியா?”

“வாரேன். நீ சூதானமா ஏறு. பழைய சேலையக் கட்டிக்க, நல்லதுன்னா பாறையில கிழிஞ்சிரும்.”

“இல்லக்கா, கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையத்தான் கட்டப் போறேன். அங்கிட்டிருந்து அவளும் என்னையப் பாப்பாள்ல.”