காத்தாயி வாங்கிய இரும்புக் குண்டான்

வெண்ணாற்றுக்குத் தெற்கே மேலக்கரம்பூர் என்று ஓர் ஊர். கிஸ்தி வசூலுக்கு மட்டும் சர்க்காருக்கு ஞாபகம் வருகிற ஊர். வெகுகாலத்துக்கு முன்னால், அந்த ஊர்ப் பண்ணையின் வயலை உழுது, நட்டு, அறுத்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பண்ணையிடமே கையேந்தி நின்ற சேரி ஒன்று இருந்தது. அந்தச் சேரியில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாளாம்.

பண்ணையில் கூலி நெல் அளக்க ஒரு மரக்கால் வைத்திருந்தார்கள். அதன் அடிப்பலகை உள்ளே ஏறியிருக்கும். வெளியே இருந்து பார்த்தால் முழு மரக்கால், உள்ளே கையை விட்டுப் பார்த்தால் குறை மரக்கால். சந்தையில் அளக்கிற மரக்காலால் எங்களுக்கும் அளந்து போடுங்கள் என்று சேரி ஆட்கள் எப்போதாவது கேட்பார்கள். கேட்டால் காரியக்காரர் வருவார். பண்ணைக்குக் கணக்கும் காவலும் அவர்தான், அம்பலத்தாடி என்று பெயர். ஆட்களை அவர் அடிக்க மாட்டார். அடித்தால் மறுநாள் வயலில் இறங்குவது யார்? பானைகளை அடிப்பார். வீடு வீடாக நுழைந்து, கஞ்சி இருந்தாலும் சரி, தண்ணீர் இருந்தாலும் சரி, தடியால் ஒரே போடு.

சேரிக்குப் பானை கொடுக்கிற குயவர் பண்ணை ஏரியில்தான் மண் எடுக்க வேண்டும். பண்ணை தலையசைக்காமல் அவர் ஒரு சட்டிகூடத் தர மாட்டார். அரிசி இருக்கும், பொங்கப் பானை இருக்காது. பிள்ளைகள் அழுவார்கள். ஆண்கள் முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பண்ணை வாசலில் போய் நிற்பார்கள். கேட்ட மரக்கால் போயிற்று, பானை வந்தது. அப்பன் காலத்தில் அப்படி, பாட்டன் காலத்திலும் அப்படியே என்று சொல்வார்கள்.

ஒரு தடவை காத்தாயி வீட்டுப் பானை உடைந்தபோது அதில் கொதிக்கிற கஞ்சி இருந்ததாம். அது தெறித்து அவள் மகள் முத்தாச்சியின் காலில் பட்டுத் தோல் உரிந்துவிட்டது. காத்தாயி அழவில்லை. உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டே யோசித்தாளாம். நம்மை அவர்கள் ஜெயிப்பது வயலில் இல்லை, அடுப்படியில். அடுப்படியில் உடையாத பாத்திரம் இருந்துவிட்டால்?

யோசித்தவள் சும்மா இருக்கவில்லை. வளர்த்த வெள்ளாட்டை விற்றாள். பங்குனியில் திருவாரூர்த் தேருக்குப் போனாள். தேர்ப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லையாம். நேரே பாத்திரக் கடைத் தெரு.

கடைக்குள் ஏற அவளுக்கு வழி கிடையாது. தெருவில் நின்றுதான் கேட்க வேண்டும். செட்டியார் ஒரு கம்பால் பாத்திரத்தை விளிம்புவரை தள்ளிவிடுவார், பார்த்துக்கொள்ளலாம். பித்தளைத் தவலை பளபளவென்று இருந்தது. அதைக் கேட்டதும் செட்டியார் சிரித்துவிட்டார். உங்கள் தெருவில் பித்தளை புழங்க ஊர் விடுமா என்றார். விட்டாலும் ஈயம் பூசுகிறவன் சேரிக்குள் வர மாட்டான், ஈயம் போன பித்தளையில் புளி பட்டால் விஷம் என்றார். அது சரிதான் என்று அவளுக்கும் பட்டது. கல்சட்டியைக் காட்டினார். நாள்பட உழைக்கும், கீழே விழுந்தால் போயிற்று. அலுமினியத்தைக் காட்டினார். காத்தாயி கட்டைவிரலால் அழுத்தினாள், பள்ளம் விழுந்தது. வார்ப்பு இரும்புச் சட்டியைக் காட்டினார். கனமாக, கறுப்பாக, யானைக்குட்டி மாதிரி இருந்ததாம். அவளுக்கு அது பிடித்துவிட்டது.

"இதைத் தடியால அடிச்சா என்னா ஆவும் சாமி?" என்று கேட்டாள்.

"சட்டியை எதுக்குடி தடியால அடிக்கிற?"

"நான் அடிக்க மாட்டேன். அடிக்கிறதுக்கு ஆளு இருக்கு."

செட்டியார் அவளை ஒரு மாதிரி பார்த்தார். நல்ல மனிதரோ என்னவோ, உள்ளதைச் சொன்னாராம். வார்ப்பு நெருப்புக்குத் தாங்கும், அடிக்குத் தாங்காது, கண்ணாடி மாதிரி தெறித்துவிடும். அடிக்குத் தாங்க வேண்டுமானால் தகட்டு இரும்பு. கொல்லன் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தது. பார்க்க அழகிருக்காது, புளி சேர்த்துக் குழம்பு வைத்தால் கறுத்துப் போகும்.

"எங்க குழம்புல புளி விழறதே அபூர்வம். கறுத்தா கறுக்கட்டும்" என்றாளாம்.

சோற்றுக்கு ஒரு குண்டான், குழம்புக்கு ஒரு சட்டி, வறுக்க ஒரு வாணலி. வாங்கியதும் அங்கேயே தெருவில் கவிழ்த்துப் போட்டு, கருங்கல் ஒன்றைத் தூக்கி ஒவ்வொன்றின் மேலும் ஓங்கிப் போட்டாள். தேர் பார்க்க வந்த கூட்டம் இவளைப் பார்த்தது. நசுங்கியது, உடையவில்லை. தலையில் தூக்கிக்கொண்டு ஊருக்கு நடந்தாள்.

சேரியில் ஒரே கேலி. காத்தாயி கொல்லுப்பட்டறை வைக்கப் போகிறாள் என்றார்கள். அவள் புருஷன் உத்தண்டி, ஆட்டை விற்று ஆணியும் தகடும் வாங்கிவந்த பொண்டாட்டி ஊரில் எனக்கு மட்டும்தான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தானாம். அவள் தன் காரியத்தைப் பார்த்தாள். விளக்கெண்ணெய் தடவி, உமிச்சூட்டில் காயவைத்து, கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, துரு வாசம் போகும்வரை பழக்கினாள்.

தை பிறந்தது. கதிர் தலை சாய்ந்தது. அந்தத் தடவை எல்லாருமாகச் சேர்ந்து, நல்ல மரக்கால் வந்தால்தான் அரிவாள் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்துச் சேரிகளும் இந்த வயலில் இறங்குவதில்லை என்று வாக்குக் கொடுத்தன. கொஞ்சம் பொறுத்தால் போதும், நெல் உதிர ஆரம்பிக்கும், பண்ணை தானாக இறங்கி வரும்.

காரியக்காரர் தடியோடு வந்தார். தெரு முழுக்க உடைத்துக்கொண்டே வந்தார். காத்தாயி வீட்டுக் குண்டானில் ஒரு போடு போட்டார். கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் கிளம்பியதாம். இன்னொரு போடு. குண்டான் நசுங்கியது, உருண்டது, வாசலில் போய் நின்றது. அவருக்கு வேர்த்துவிட்டது. தெருவில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பண்ணை ஆளைப் பார்த்து அந்தச் சேரி சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று சொல்வார்கள்.

அன்று முதல் அந்தக் குண்டான் வீடு வீடாகப் போயிற்று. ஒரு வீட்டில் வடித்து இறக்கியதும் அடுத்த வீட்டுக்காரி கழுவி எடுத்துப் போவாள். உத்தண்டி கேலியை நிறுத்திவிட்டு, அது என் வீட்டுக் குண்டான் என்று பெருமை பேச ஆரம்பித்தான். காத்தாயிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

நினைக்கலாமா? பண்ணை என்பது ஒரு தடி மட்டுமா?

காரியக்காரர் மறுபடி தெருவுக்கு வரவே இல்லை. கடைக்காரர்களுக்கு மட்டும் சொல்லி அனுப்பினார். சேரிக்கு அரிசி இல்லை, உப்பு இல்லை. வரப்பில் ஆள் போட்டார். நண்டு பிடிக்க முடியாது, நத்தை பொறுக்க முடியாது, கீரை கிள்ள முடியாது. குளத்து அல்லிக் கிழங்குவரை காவல். உடையாத குண்டான் இருந்தது. உள்ளே போட ஒன்றும் இல்லை.

அப்போது காத்தாயி ஒன்று செய்தாளாம். புகை வராவிட்டால் நாம் காய்கிறோம் என்று பண்ணைக்குத் தெரிந்துவிடும். அதனால் காலையிலும் மாலையிலும் அடுப்பை மூட்டினாள். முதலில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டாள். பிறகு தண்ணீர் இழுக்கவும் தெம்பில்லை. வெறும் குண்டானையே ஏற்றி எரித்தாள். மண்பானையாக இருந்தால் வெடித்திருக்கும். இரும்பு தாங்கியது. புகை கூரையில் ஏறி வயலுக்குத் தெரிந்தது. அவர்கள் வீட்டில் இன்னும் சோறு வேகிறது என்று பண்ணை மிரண்டதாகக்கூடச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பிறகு ஒரு வீடு அரிவாளை எடுத்தது. கைக்குழந்தைக்காரி வீடு. அப்புறம் இன்னொன்று. மேடையில் துரோகி என்று சொல்வது சுலபம். பசித்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தை வராது.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம் உத்தண்டி வீட்டுக்குள் வந்தான். மடியில் நெல் இருந்தது. காத்தாயி அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். குண்டான் வெறுமனே காய்ந்துகொண்டிருந்தது. முத்தாச்சி பாயில் கிடந்தாள். முந்தின நாள்வரை சோறு கேட்டவள், அன்று கேட்கவில்லை.

"எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் காத்தாயி.

"கேக்காத."

"எந்த மரக்கால்ல அளந்தான்?"

"அதே மரக்கால்தான், புள்ள." அவன் சுவரைப் பார்த்துச் சொன்னானாம். "குத்திப் போடு. விடிஞ்சப்பறம் என்னை வையி. இப்ப குத்திப் போடு."

அவள் குண்டானைப் பார்த்தாளாம். இந்தப் பாத்திரத்தில் இந்த நெல்லா என்று நினைத்திருப்பாள். நெல்லை வாங்கிக் குத்தினாள். தண்ணீர் மொண்டு குண்டானில் ஊற்றினாள். காய்ந்து கிடந்த இரும்பில் தண்ணீர் பட்டதும் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சீறியதாம். அதன் பின்னால் சோறு வேகிற வாசம். மிச்சமிருந்த வீடுகளுக்கு வேறு யாரும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காத்தாயி வீட்டிலேயே உலை கொதித்துவிட்டது.

முத்தாச்சி பிழைத்துக்கொண்டாள். மறுநாள் காலை தெருவே அரிவாளோடு இறங்கியது. காத்தாயியும் போனாள். களத்தில் கூலி வாங்க வரிசை நின்றபோது காரியக்காரர் தானே அவளுக்கு அளந்து போட்டார். கோபமே இல்லாமல், அக்கறையாகக் கேட்டாராம்:

"நல்ல பாத்திரம், காத்தாயி. எங்க வாங்கின?"

"திருவாரூருங்க, ஆண்டே" என்று முந்தானையை விரித்துக்கொண்டே சொன்னாளாம்.

அடுத்த தேருக்கு, பண்ணை வீட்டில் நெல் அவிக்க அதே கடையில்தான் அண்டா வாங்கினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

அந்த மரக்கால் அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது. பின்னால் வந்தவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள், அடி வாங்கினார்கள், ஒருவழியாக மாற்றினார்கள். மாற்றிய பெருமைக்கு இன்று ஆளாளுக்குக் கொடி பிடிக்கிறார்கள். காத்தாயிக்குக் கொடி இல்லை. முத்தாச்சி வயிற்றில் வந்தவர்கள்தான் இன்று அந்தத் தெருவில் பாதிப் பேர்.

அந்தத் தெருவில் தை மாதம் முதல் கூலி நெல் வீட்டுக்கு வந்தால், இப்போதும் உடனே உலை வைக்க மாட்டார்கள். வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி, அது நன்றாகக் காயும்வரை சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம்தான் தண்ணீர், அப்புறம்தான் அரிசி. வெளியூரிலிருந்து வந்து பார்க்கிறவர்கள் ஏதோ அம்மனுக்குச் செய்கிற சடங்கு என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். அம்மனுக்கு இல்லை, காத்தாயிக்கு. பாத்திரம் காய்கிற அந்த நேரம் முழுக்க வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். பிள்ளைகள் பசிக்கிறது என்று சொன்னால் மட்டும், பெரியவர்கள் எழுந்து தண்ணீரை ஊற்றிவிடுவார்கள்.