இரண்டரைக் கிலோ

எடை பார்ப்பதாக இருந்தால் காலையில் வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும். ஒரு டீ குடித்துவிட்டு ஏறினாலே முள் கொஞ்சம் நகர்ந்துவிடும். நாற்பது வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை எடை போட்டவன் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் செபாஸ்டின். ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார். பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் அந்த வேலைக்கு ஆள் இல்லாததால், பெண்கள் கபடி டீமைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். ஒகேனக்கல்லில் முதலையைத் தொடையில் பிடித்து அவுட் ஆக்கிய கதையைச் சொல்வேன். எல்லாம் சிரிக்கும். முதலைக்குத் தொடை உண்டா என்று ஒருத்தி மட்டும் கேட்பாள். அவள் பிரியதர்ஷினி. ரெய்டு போனால் இரண்டு பேரைத் தொடாமல் திரும்ப மாட்டாள்.

பெஞ்சில் இருந்தது என் பேத்தி ஷைனி. பதினாலு வயது டீமில் எல்லாரையும் மாற்றி மாற்றி இறக்குவோம். அதற்கு மேலே வந்துவிட்டால் ஜெயித்துக் கொடுப்பவர்களுக்குத்தான் இடம். இரண்டு வருடம் மற்றவர்களின் செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இருந்தாள். "இந்த வருசமாச்சும் எறக்குவீங்களா தாத்தா?" என்றாள். இறக்குவேன் என்று சொல்லிவிட்டேன்.

எங்களுடையது ஐம்பது கிலோ டீம். அதற்கு மேலே போனால் பெரிய டீம். அங்கே பிளஸ் டூ பிள்ளைகள் இருப்பதால் பிரியதர்ஷினிக்குப் பெஞ்சுதான், இங்கே அவள் இடம் ஷைனிக்கு. ஒரு வருடம் பெஞ்சில் உட்கார்ந்தால் யாரும் தேய்ந்துவிட மாட்டார்கள். எடை மெஷினின் அடியில் ஒரு திருகு உண்டு. இரண்டு கிலோ கூட்டி வைத்தேன். ஏறுவதற்கு முன் யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை, ஏறிய பிறகுதான் குனிகிறார்கள். குச்சி மாதிரி இருந்ததுகளெல்லாம் சதை பிடித்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டன.

பிரியதர்ஷினிக்கு ஐம்பத்தொன்றரை காட்டியது.

"வெள்ளிக்கெழமதானுங்க சார் லிஸ்ட் போகுது? அதுக்குள்ள கொறச்சர்றனுங்க."

"எதுக்குக் கண்ணு? பெரிய டீமுக்குப் போ. அங்கயும் கபடிதான்."

"அது உக்கார்ற கபடிங்க சார்."

அப்பாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வெயிலில் மைதானத்தைச் சுற்றினாள். சோற்றை விட்டாள். பிறகு தண்ணீரை. வியாழக்கிழமை காலையில் முள் ஐம்பதைத் தாண்டி ஒரு மயிரிழை நின்றது. உதடு வெடித்திருந்தது. சிரித்தாள். "நாளைக்கு எறங்கிருமுங்க சார்" என்றாள்.

அன்று சாயங்காலம் திருகை இன்னும் அரைக் கிலோ திருப்பினேன். அவளாகவே விட்டுவிடுவாள் என்றுதான். தொடங்கின வேலையை அரைகுறையாக விடும் பழக்கம் எனக்கில்லை, ஐயா.

வெள்ளிக்கிழமை ஏறினாள். முள் அதே இடத்தில். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஓடினாள். ஏழாவது சுற்றில் விழுந்தாள். தருமபுரிக்குக் கொண்டுபோனோம். சனிக்கிழமை போய்விட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் எடை நாற்பத்தேழரை என்று எழுதியிருந்தது.

அவள் அப்பா மாதையன் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "கூட இருக்குது, கூட இருக்குதுன்னு அழுதாளுங்களே சார். எங்கீங்க இருந்துச்சு அது?"

ஷைனியை ஆட வைப்பதாகச் சொன்னேன், ஆட வைத்தேன். முழு ஆட்டமும். கறுப்பு ரிப்பன் குத்திக்கொண்டு ஆடினாள். ஒரு ரெய்டுகூடப் போகவில்லை. கோட்டுக்குப் பின்னாலேயே நின்று பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் என்னைத் தவிர யாரும் இல்லை.

கோயிலில் ஃபாதரிடம் சொன்னேன். முதலைக் கதையோடு இதையும் சேர்த்துக்கொண்டார் போலிருக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மாதையனிடமே சொன்னேன். "மனசு ஒடஞ்சு பேசறீங்க சார்" என்று டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

இப்போது நீங்களும் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. திருகை அவள் விழுந்த அன்றைக்கே பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் முள் இரண்டரையில் நிற்கிறது. திருப்பினேன். மறுபடியும் இரண்டரை. கடைசியில் திருகையே பிடுங்கிவிட்டேன். மெஷினைப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் மேசைமேல் வைக்கிறேன். யாரும் ஏற வேண்டாம், குனிந்து பாருங்கள்.

பார்த்துவிட்டு மாதையனைக் கூப்பிடுங்கள். அவர் கேட்டது இங்கேதான் இருக்கிறது.