முதலாளிக்குப் பிடிச்ச சாப்பாடு

— டப்பா காலியா இருக்குதேக்கா?

— காலிதான் சார்.

— இன்னிக்கு சமைக்கலியா?

— சமைச்சேன். உங்களுக்குக் கொண்டாரல. உங்க சாப்பாடு மேஜைமேல மூடி வெச்சிருக்கேன் பாருங்க. அவிச்ச பீன்ஸ், கேரட்டு. குடிக்கறதுக்கு கிரீன் டீ.

— திரௌபதியக்கா, காலையிலேர்ந்து நாலு மீட்டிங். பசி காதை அடைக்குது. விளையாடாதீங்க.

— நான் இன்னாத்துக்கு சார் விளையாடறேன்? பத்திரிகையில வந்ததைப் பெருசாக்கி கேன்டீன் வாசல்ல ஒட்டினது நீங்கதான? நம்ம முதலாளி சக்கரவர்த்திக்குப் பிடிச்சது காலையில ஓட்ஸ் கஞ்சி, மதியம் அவிச்ச காய், சாயங்காலம் சக்கரையில்லாத கிரீன் டீன்னு. பக்கத்துல உங்க படம் வேற, சிரிச்சிக்கினு.

— அது பேட்டிக்காக சொன்னதுக்கா. சிம்பிள். வேங்கிக்கால்ல ஆரம்பிச்சு இந்தியா பூரா ஸ்கூல் பேக் விக்கிறவன் நான். ஆளு ஃபிட்டா இருந்தாத்தான் ஜனங்க திரும்பிப் பாப்பாங்க.

— சொல்லிட்டுப் போங்க, எனக்கின்னா. அதையே எரநூத்தி நாப்பது பேருக்கும் அவிச்சிக் கொட்டச் சொன்னீங்களே, அது எதுக்கு?

— முதலாளி சாப்பிடறதையே தொழிலாளிங்களும் சாப்பிடறாங்கன்னு வீடியோ போட்டோம். எத்தினி லட்சம் பேரு பாத்தாங்க தெரியுமா?

— முதலாளி இன்னா சாப்பிடறார்னு எனக்குத் தெரியும் சார். ஆறு மாசமா பன்னண்டரை ஆனா இந்த ரூம் கதவைச் சாத்திக்கினு, என் டப்பாவுல நெத்திலி கருவாட்டுக் குழம்பு சாப்பிடறார். டப்பாவைக் கழுவவே வேணாம், அப்பிடி வழிச்சி. மேல ஒரு டீ, மூணு ஸ்பூன் சக்கரை.

— மெதுவா பேசுங்கக்கா. வெளியில ஆள் இருக்காங்க.

— ஆறு மாசமா மெதுவாத்தான் பேசினேன். செவ்வாக்கெழம நம்ம கவிநிலா தைக்கிற மெஷின்மேலயே மயங்கி விழுந்தா. ஊசி விரலுக்கு ஒரு நூல் தள்ளி எறங்குச்சி. இன்னாடி சாப்பிட்டேன்னு கேட்டா, கஞ்சி தொண்டையில எறங்கல, கீழ ஊத்திட்டேங்கறா.

— டாக்டர்கிட்ட காட்டினோமே.

— அவரும் சோறு துன்னச் சொல்லித்தான் அனுப்பிச்சார். பௌர்ணமிக்கு மலை சுத்த வர்ற ஜனத்தை, யாரு எவருன்னு கேக்காம, கூப்ட்டு கூப்ட்டு சோறு போடற ஊர் சார் இது. நம்ம பொண்ணுங்க எட்டு மணி நேரம் மெஷின் மிதிச்சிட்டு பசியோட பஸ் ஏறுதுங்க. சமைக்கிறவ நான். எனக்கு வெக்கமா இருக்குது.

— சரி, அடுத்த மாசம் மெனுவை மாத்திப் பாக்கலாம்.

— போன மாசமும் இதையேதான் சொன்னீங்க.

— அந்த வீடியோக்காரங்க நாளைக்கு மறுபடி வராங்கக்கா. இப்பப் போயி மாத்தினா நான் பொய் சொன்னவனா ஆயிடுவேன்.

— ஆயிட்டீங்க சார். இன்னும் யாருக்கும் தெரியல, அவ்ளோதான்.

— வாய் ஜாஸ்தியாவுதுக்கா. வேற சமையல் ஆளு கெடைக்காதா எனக்கு?

— தாராளமா வெச்சிக்கோங்க. ஓட்ஸ் கஞ்சி யாரு வேணா காச்சுவாங்க. பன்னண்டரைக்கு டப்பா யாரு கொண்டாருவா?

— இப்ப நான் இன்னா பண்ணணும்? அதைச் சொல்லுங்க.

— நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நானே பண்ணிட்டேன். அவிக்க வெச்சிருந்த கத்திரிக்கா, முருங்கக்கா எல்லாத்தையும் பெரிய குண்டான்ல போட்டு, ஒரு கூடை நெத்திலி கருவாடு சேத்து குழம்பு வெச்சிட்டேன். கவுச்சி துன்னாதவங்களுக்குத் தனியா சாம்பார். கீழ எல்லாரும் சாப்பிட்டுக்கினு இருக்காங்க.

— யாரைக் கேட்டு செஞ்சீங்க?

— யாரையும் கேக்கல. வேலை போனா போவட்டும்னு துணிஞ்சிதான் அடுப்பையே பத்த வெச்சேன்.

— சரி, நடந்தது நடந்துபோச்சு. சீக்கிரம் முடிச்சிட்டு வாசனை போறாப்ல கழுவி விடுங்க. நாளைக்கு அவங்க வர்றப்ப ஒரு துண்டு கருவாடு கண்ணுல படக்கூடாது.

— அவங்க இன்னிக்கே வந்துட்டாங்க சார். ரெண்டாவது வாட்டி சோறு வாங்கிக்கினு, இது யாருக்குப் பிடிச்ச குழம்புன்னு கேட்டாங்க, கேமராவைப் பாத்தே சொல்லிட்டேன்.