அடுப்புக்கு மேல் ஒரு பிஸ்கட் டப்பா

அந்த வருஷம் சாரல் ஆனித் தொடக்கத்தில் விழுந்ததா, நடுவில் விழுந்ததா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஐந்து வருஷமாகிறது. சில விஷயங்கள் தெளிவாக இருக்கின்றன. சிலவற்றை நானே பிறகு செருகிக்கொண்டேனோ என்று தோன்றுகிறது. நான் சொல்வதில் ஏதாவது முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. காப்பி ஆறுகிறது, குடியுங்கள்.

ஹட்டனிலிருந்து டூரிஸ்ட் விசாவில் இவ்வளவு தூரம் வந்து, உங்கள் கணவர் ஏன் கடைசிவரை வீடு திரும்பவில்லை என்று கேட்கிறீர்கள். டீக்கடை மைதீன் ஏதோ சொன்னானாம். மைதீனுக்குப் பாதிதான் தெரியும். மீதி எனக்குத் தெரியும். இதுவரை யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

இந்த லாட்ஜ் என் தகப்பனார் கட்டியது. அதற்கு முன்னால் நான் மண்டபம் முகாமில் குமாஸ்தாவாக இருந்தேன். சிலோன் போகிறவர்களின் காகிதங்களைப் பார்ப்பதுதான் வேலை. அந்தப் பழக்கத்தில், குற்றாலத்துக்கு வந்த பிறகும் தென்காசிப் பக்கத்து ஆட்கள் பாஸ்போர்ட், விசா என்று என்னைத் தேடி வருவார்கள். எழுதிக் கொடுப்பேன். ஆனி, ஆடியில் எட்டு அறையும் நிறைந்திருக்கும். ஆவணி பிறந்தால் எல்லோரும் ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். அதற்குப் பிறகு நானும் குரங்குகளும்தான். புத்தகம் படிப்பேன். படித்ததைப் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. படிக்கும்போது பக்கத்து நாற்காலியில் ஒருவர் சும்மா இருந்தால் போதும் என்று நினைத்ததுண்டு.

உங்கள் வீட்டுக்காரர் அருமைநாயகம் சிலோனிலிருந்து அறுபத்து நான்காம் வருஷம் வந்தார். தூக்கம் வராத வியாதி. அருவியில் ஒரு மண்டலம் குளித்துப் பார் என்று டாக்டர் சொன்னாராம். அவர் பிறந்த கீழப்பாவூரில் அவருக்கு அப்போது யாரும் மிச்சமில்லை. இங்கே வந்த மூன்றாம் நாள் தூங்கினார். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். குறட்டை கேட்டது. பெரிய குறட்டை. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் மூச்சு விடுவதை அதற்கு முன் எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

சீசன் முடிந்தும் அவர் போகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் தூங்கிவிட்டுப் போகிறேன் என்றார். முன்கட்டில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்போம். நான் படிப்பேன், அவர் மலையைப் பார்ப்பார். மைதீன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்ப்பான்.

“அண்ணாச்சி, ரெண்டு பேரும் இப்படி மூச்சு காட்டாம உக்காந்திருக்கியளே, எங்கனயும் எழவு விழுந்திட்டா?”

“பேச ஒண்ணும் இல்லைன்னா அது நல்ல சேதிதானவே,” என்பார் அருமைநாயகம். “எங்க வீட்டுல வந்து பாரும். எம் மக பேசுதா, கிளி பேசுது, அவ அம்மை பேசுதா. மூணுல கிளிதான் கொஞ்சம் அடக்கம்.”

உங்களைச் சொன்னதற்கு வருத்தப்படாதீர்கள். சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தபடி இருந்தார்.

இந்த ஊரில் காகிதம் எப்படிக் கெடும் என்பதைச் சொல்ல வேண்டும். தலையணைக்கு அடியில் வைத்த பாஸ்போர்ட்டில் ஒரே வாரத்தில் பூசணம் பூக்கும். முத்திரை மை பரவி, தேதி தெரியாமல் போகும். அதனால் சிலோனிலிருந்து வருகிறவர்கள் வந்த அன்றே பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுத்துவிடுவார்கள். சமையற்கட்டில் அடுப்புக்கு மேலே ஒரு பலகையில் பிஸ்கட் டப்பா இருக்கிறது. அந்தச் சூட்டில் எதுவும் கெடாது. நல்ல ஏற்பாடு. ஒருவருடைய காகிதம்கூட என்னிடம் வீணானதில்லை.

உங்களுக்கு அங்கே பிரஜா உரிமை கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. முப்பது வருஷம் கடை வைத்திருந்தும் பெர்மிட்டில் இருந்த ஆள். குறித்த தேதிக்குள் திரும்பினால்தான் வீடு. ஒரு நாள் பிந்தினாலும் அந்த உரிமை போய்விடும், மறுபடி வராது. இது அவருக்கும் தெரியும். தேதி மட்டும் தெரியாது. பெர்மிட்டை எடுத்துக் கொடுத்தது உங்கள் தம்பி நல்லதம்பி. பாஸ்போர்ட்டில் குத்தியிருந்த முத்திரை இங்கிலீஷில் இருந்தது. அவருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும்.

புரட்டாசியில் ஒரு நாள் கேட்டார். “அண்ணாச்சி, எம் மக ரெபேக்காளுக்குத் தையில கல்யாணம் குறிச்சிருக்கு. நம்ம தவணை என்னைக்கு முடியுது? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.”

டப்பாவை இறக்கிப் பார்த்தேன். ஊதா மை, தெளிவான முத்திரை. அக்டோபர் முப்பத்தொன்று.

“டிசம்பர் முப்பத்தொண்ணு,” என்றேன்.

“அப்போ கிறிஸ்மஸ ஒட்டிப் பொறப்பட்டாப் போதும்?”

“போதும்.”

நான் எதையும் கிழிக்கவில்லை, திருத்தவில்லை, எரிக்கவில்லை. ஒரு மாதத்தின் பெயரை மாற்றிச் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று முன்கூட்டித் தீர்மானித்திருந்தேனா என்று கேட்டால், இல்லை என்றுதான் என் நினைவு. வாயில் வந்தது. வந்த பிறகு அதை மாற்றவும் தோன்றவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி நாங்கள் ஐந்தருவிவரை நடந்தோம். மழை விட்டிருந்தது. வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. திரும்பும்போது மைதீன் கடையில் சூடாக வடை வாங்கித் தின்றார். என் வாழ்க்கையில் நல்ல நாள் எது என்று யாராவது கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

கல்யாண வேலை கிடக்கிறது என்று நவம்பர் நடுவிலேயே ஊருக்குப் புறப்பட பாஸ்போர்ட்டைக் கேட்டார். எடுத்துப் பிரித்தேன். அப்போதுதான் பார்த்தவன்போல, தேதியைத் தவறாக வாசித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

“விடுங்க அண்ணாச்சி. மனுசன்னா தப்பு வராமலா இருக்கும்? நீங்க இப்படி முகம் வாடாதிய.”

அவர் என்னைத் தேற்றினார். நான் அழுததாக நினைவு. அது நடிப்பில்லை.

டூரிஸ்ட் விசாவுக்கு மனுப் போடலாம், கல்யாணத்துக்கு ஒரு மாதம் போய்வரலாம் என்றேன். போய்வரலாம் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. அவர்தான், “எம் வீட்டுக்கு நானே விருந்தாளியாப் போறனா?” என்று கேட்டார். மனுவை உண்மையாகவே மெட்ராசிலுள்ள சிலோன் ஆபீசுக்கு அனுப்பினேன். அம்மை குத்திக்கொண்ட சர்டிபிகேட்டை அதோடு வைக்க மறந்துவிட்டேன். மறந்ததாகத்தான் இப்போது நினைவு. மண்டபத்தில் பதினோரு வருஷம் அந்தச் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கியவன் நான். அது இன்றும் டப்பாவில்தான் இருக்கிறது. மனு திரும்பி வந்தது.

அப்பா இல்லாமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று உங்கள் மகள் சொன்னது உங்களுக்குத்தான் தெரியும். அப்பாவால் வர முடியாவிட்டால் நான் போய்ப் பார்த்து, கல்யாணத்தை அங்கேயே வைக்கிறேன் என்று நல்லதம்பியோடு புறப்பட்டாள். தந்தி வந்தது. தனுஷ்கோடிக்கே போய்க் கப்பலிலிருந்து கூட்டிவர வேண்டும் என்று அருமைநாயகம் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். நான் தடுத்தேன். மழையாக இருக்கிறது, உங்களுக்குச் சளியும் தடுமனும் வேறு, தென்காசி ஸ்டேஷனில் போய் நின்றால் போதும் என்றேன். கேட்டுக்கொண்டார். நான் சொன்னதை அவர் எப்போதும் கேட்டுக்கொள்வார்.

அவர்கள் கப்பலிலிருந்து இறங்கித் தனுஷ்கோடியில் தங்கிய இரவுதான் புயல். நாங்கள் தென்காசி ஸ்டேஷனில் இரண்டு பகல் நின்றோம். பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் வந்து, அங்கே ஊரே இல்லை என்றார்.

அவரைப் போகவிடாமல் தடுத்தவன் நான் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. போயிருந்தால் அவரும் அந்த இரவில் அங்கே இருந்திருப்பார். மைதீனிடம் ஒரு தடவை இதைச் சொன்னேன். அவன் டீயை வைத்துவிட்டு, “நீங்க ஒரு வார்த்தை சரியாச் சொல்லியிருந்தா அந்தப் பிள்ள ஏன் அண்ணாச்சி கடலத் தாண்டி வருது?” என்றான். அவன் அப்படித்தான் பேசுவான்.

அதன் பிறகு அருமைநாயகம் எங்கும் போகக் கேட்கவில்லை. பேசுவதும் நின்றுவிட்டது. காலையில் முன்கட்டில் வந்து உட்காருவார். நான் படிப்பேன். உங்கள் கடிதங்களை வாசித்துக் காட்டுவேன். பதில் சொல்ல மாட்டார். நலமாக இருக்கிறார் என்று நானே எழுதிப் போட்டேன். நான்கு வருஷம் அவருக்குக் கஞ்சி வைத்தேன், வெந்நீர் போட்டேன், முதுகு தேய்த்துவிட்டேன். குறட்டை மட்டும் இல்லை. அவர் தூங்கவில்லை என்று சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரியும்.

ஒருநாள் அவர் டப்பாவை இறக்கி, பாஸ்போர்ட்டை எடுத்துப்போய், மைதீன் கடைக்கு வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் முத்திரையைக் காட்டி, இதைத் தவறாக வாசிக்க முடியுமா என்று கேட்டார் என்று உங்களிடம் மைதீன் சொன்னானாம். இருக்கலாம். அன்று சாயங்காலம் அவர் என்னிடம் பேசினார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த நான்கு வருஷத்தில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

“அண்ணாச்சி, உங்களுக்கு இங்கிலீஷ் நல்லாத் தெரியும்லா,” என்றார்.

தெரியும் என்றேன். அவர் யாரையும் லேசில் மெச்சிப் பேசுகிறவர் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கேட்டதற்கெல்லாம் சொல்லிவிட்டேன். அருமைநாயகம் போன வருஷம் புரட்டாசியில் இறந்தார். தென்காசிக் கல்லறைத் தோட்டத்தில் கிழக்குச் சுவர் ஓரம் இருக்கிறார், நாளைக்குக் கூட்டிப்போகிறேன். உங்கள் மகளும் தம்பியும் கடலோடு போனார்கள், உடல் கிடைக்கவில்லை. மைதீன் கடையைப் பஸ் ஸ்டாண்டுக்கு மாற்றிக்கொண்டான், என்னோடு பேச்சில்லை. நான் இங்கேயே இருக்கிறேன்.

அவருடைய அறை காலியாகத்தான் இருக்கிறது. கட்டில், போர்வை எல்லாம் அப்படியே. நீங்களும் அதிகம் பேசாதவராக இருக்கிறீர்கள். அவர்தான் உங்களைத் தவறாகச் சொல்லியிருக்கிறார். வெளியே பாருங்கள், சாரல் இறங்கிவிட்டது. உங்கள் பாஸ்போர்ட்டை மடியிலேயே வைத்திருந்தால் நனைந்துவிடும் அம்மா. கொடுங்கள், டப்பாவில் வைக்கிறேன்.