ரேஞ்சில் பூட்டி வைத்த பிஸ்டல்

— கொடுக்க மாட்டேன்னு சொல்லியாச்சு, கேப்டன் மெரிட். இன்னும் பத்து தடவை கேளுங்க, இதே பதில்தான் வரும். எனக்கு வாய் வலிக்காது, உங்களுக்குத்தான் காது வலிக்கும்.

— மேடம், நான் சண்டை போட வரல. சுருக்கமா முடிச்சுக்கலாம். காலையில என் கம்பெனிச் சிப்பாய்ப் பையன் ஒருத்தன்கிட்டேருந்து பிஸ்டலைப் பிடுங்கி அந்த இரும்புப் பெட்டியில பூட்டி வெச்சிருக்கீங்க. அது ராணுவம் கொடுத்த ஆயுதம் இல்ல. அவனோட சொந்தத் துப்பாக்கி. அதைப் பிடுங்கி வெக்க உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?

— பிடுங்கினேனா? கையை நீட்டினேன், கொடுத்தான். கொடுத்துட்டு ‘தேங்க்ஸ்’னு வேற சொன்னான். நான் பட்டாளத்துல சார்ஜன்ட்டா இருந்த காலத்துலயும் சரி, இந்தத் துப்பாக்கி சுடுற ரேஞ்சைப் பார்த்துக்கிற இத்தனை வருஷத்துலயும் சரி, துப்பாக்கியைப் பறிகொடுத்துட்டு நன்றி சொன்ன ஆளை இன்னைக்குத்தான் பார்த்தேன்.

— மரியாதை தெரிஞ்ச பையன். என் டிரைவர். அதான் சொல்லியிருப்பான்.

— மரியாதை தெரிஞ்ச பையன் துப்பாக்கி வாய்க்குள்ள எட்டிப் பார்க்க மாட்டான், ராசா. மேல சிவப்புக் கொடி பறக்குது. ரெண்டு பக்கமும் ஆளுங்க சுட்டுக்கிட்டிருக்காங்க. இவன் தோட்டா போட்ட பிஸ்டலைத் திருப்பிப் பிடிச்சு, கிணத்துல விழுந்த வாளியைத் தேடுற மாதிரி குனிஞ்சு பார்க்கிறான். நான் போட்ட சத்தத்துல வரிசை மொத்தமும் நின்னுபோச்சு. ஓரத்துல சுட்டுக்கிட்டிருந்த ரிட்டயர்டு கர்னல், தான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு கையைத் தூக்கிட்டார், பாவம்.

— கவனக்குறைவு. ஏதோ ஞாபகத்துல செஞ்சிருப்பான்.

— கவனக்குறைவா? சட்டையில குறி பார்த்துச் சுடுறதுக்கு வாங்கின மெடலைக் குத்தியிருக்கான். அவனைத் தூக்கத்துல எழுப்பி பிஸ்டலைக் கொடுத்தாலும் வாயை மண்மேட்டுப் பக்கம்தான் திருப்புவான். இது வேற. நான் வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்ல வேணாம்னு பார்க்கிறேன். நம்ம பாதிரியாருக்கு போன் பண்ணிட்டேன், வந்துட்டிருக்கார். பையன்கிட்ட அவர் பேசட்டும்.

— பாதிரியாரா? அவரை யார் கூப்பிடச் சொன்னது?

— எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல. ஏன் இப்படி வேர்த்து ஊத்துது உங்களுக்கு? கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு. தூங்கினீங்களா இல்லையா? உட்காருங்க. வேகவெச்ச கடலை இருக்கு, ரோட்டோரக் கடையில இப்பத்தான் சுடச்சுட வாங்கினது. ஐஸ் டீ ஊத்தட்டுமா?

— ஒண்ணும் வேணாம். ஓச்சோவா! வெளிய நின்னு என்ன பண்ற? உள்ள வா.

— வந்துட்டேன், சார்.

— இந்த அம்மாகிட்ட நீயே சொல்லு. அந்த பிஸ்டல் யாரோடது?

— என்னோடது, சார்.

— கேட்டுக்கிட்டீங்களா, மேடம்? சரி ஓச்சோவா, இப்ப திருப்பிக் கொடுங்கன்னு கேளு.

— மாட்டேன், சார்.

— என்ன சொன்ன?

— வேணாம், சார். இங்கேயே இருக்கட்டும்.

— அடி சக்கை! கேப்டன், சொத்துக்குச் சொந்தக்காரனே வேணாங்கிறான். உங்களுக்கு எதுக்கு இந்த அவதி?

— நீங்க நடுவுல பேசாதீங்க, மேடம். ஓச்சோவா, யோசிச்சுப் பேசு. அடுத்த மாசம் நீ சார்ஜன்ட் பயிற்சிக்குப் போகப்போற. உனக்காக நானே ஆள் ஆளாப் பார்த்துச் சொல்லி வெச்சிருக்கேன். இந்த அம்மா இதை மிலிட்டரி போலீஸ்கிட்ட சொன்னாங்கன்னா, ‘தன்னையே சுட்டுக்கப் பார்த்தவன்’னு உன் பேர்ல ஒட்டிடுவாங்க. அப்புறம் பயிற்சியும் கிடையாது, பட்டையும் கிடையாது. உனக்குப் புரியுதா இல்லையா?

— புரியுது, சார். ஒட்டினா ஒட்டட்டும்.

— உங்க அம்மா டெக்சாஸ்லேருந்து பஸ் ஏறி வந்து உன் தோள்ல பட்டை குத்துறதைப் பார்க்கணும்னு சொன்னியே. அவங்களுக்கு என்ன பதில் சொல்லுவ?

— அம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன், சார். அவங்க புரிஞ்சுப்பாங்க.

— பைத்தியமாடா உனக்கு?

— அப்படியே எழுதிக்கட்டும், சார். எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல.

— பையனை மிரட்டாதீங்க, கேப்டன். இந்த ரேஞ்சுல நின்னு என் கண்ணு முன்னாடி மிரட்டாதீங்க. கண்ணு, நீ இந்தப் பக்கம் வந்து உட்காரு. கடலை சாப்பிடு.

— சரி, சார்ஜன்ட்டம்மா.

— மேடம், இன்னொண்ணு கேக்கிறேன். அந்த பிஸ்டலைக் கொண்டு வந்தப்ப அவன்கிட்ட பதிவு அட்டை இருந்துச்சா?

— இல்ல. வீட்டுல மறந்துட்டேன்னான். மாசம் தவறாம தன்னோட ரைபிளை எடுத்துட்டு வர்ற பையன். தெரிஞ்ச முகம்னு விட்டுட்டேன்.

— அப்ப அது போலீஸ் ஆபீஸ்ல பதியாத துப்பாக்கி. முகாமுக்குள்ளேயே வந்திருக்கக் கூடாது. ஒண்ணு பண்ணுங்க. என்கிட்ட கொடுங்க, எங்க கம்பெனி ஆயுதக் கிடங்குல வெச்சுப் பூட்டிடுறேன். உங்களுக்கும் தலைவலி விட்டுது.

— அப்படி வாங்க வழிக்கு! இதை முதல்லயே சொல்லியிருந்தா கடலை ஆறிப்போயிருக்காது. உங்க கிடங்குக்காரருக்கு இப்பவே போன் போடுறேன். வரட்டும், துப்பாக்கி நம்பரைக் குறிச்சுக்கட்டும், கையோட வாங்கிட்டுப் போகட்டும்.

— அவர் எதுக்கு? சனிக்கிழமை அதுவுமா ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருப்பார். என் கையில கொடுங்க.

— உங்க கையில எதுக்கு?

— நான் கம்பெனி கமாண்டர்.

— அதெல்லாம் இந்த ரேஞ்சு வேலிக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் வந்துட்டா யாரா இருந்தாலும் நான் சொல்றதைத்தான் கேக்கணும். போன மாசம் ஒரு ஜெனரல் தன்னோட வேட்டைத் துப்பாக்கியை உறை இல்லாம தோள்ல மாட்டிக்கிட்டு வந்தார். போய் உறையில போட்டு எடுத்துட்டு வாங்கன்னேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டார். ஆனா போனார், போட்டுக்கிட்டு வந்தார். நீங்க இன்னும் ஜெனரல் ஆகல.

— பிடியில நீல டேப் சுத்தின துப்பாக்கி அது. அது மட்டும்தான் எனக்கு வேணும். எடுத்துக் கொடுங்க, நான் கிளம்புறேன்.

— அவ்வளவு பழக்கமா அது உங்களுக்கு?

— என் ஆளுங்க சாமான் எனக்குத் தெரியும்.

— தெரியும்ல? அப்ப என் மனசுல இருக்கிறதையும் தெரிஞ்சுக்குங்க. கிடங்குக்காரர் வேணாம், பாதிரியார் வேணாம், போலீஸ் வேணாம். சத்தமில்லாம உங்க பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போகணும். ஏன்னு எனக்கா தெரியாது? உங்க கம்பெனியில ஒரு பையன் உயிரை விடப் பார்த்தான்னு மேல தெரிஞ்சா, மேஜர் பட்டை உங்க கைக்கு வராது. அதுக்காக இவனை வாயடைச்சுக் கூட்டிட்டுப் போகப் பார்க்கிறீங்க. இந்த மாதிரி ஆபீசருங்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! மேலதிகாரி முன்னாடி பூனை மாதிரி, சிப்பாய் முன்னாடி புலி மாதிரி.

— வார்த்தையை அளந்து பேசுங்க, மேடம். சாயங்காலத்துக்குள்ள உங்களை இந்த வேலையிலேருந்து தூக்கிடுவேன்.

— தூக்குங்களேன். கொஞ்சம் கனமான உடம்பு, பார்த்துத் தூக்குங்க. இந்த வெர்லீன் ஸ்டோக்ஸுக்கு இந்த வேலை போச்சுன்னா வேற போக்கிடம் இல்லதான். வீட்டுல உட்கார்ந்து எம்புருஷன் நாள் பூரா டிவியைத் திட்டுறதைக் கேட்டுக்கிட்டிருக்கணும். பரவாயில்ல, கேக்கிறேன். ஆனா இந்தப் பையன் செத்தான்னு என் காதுல விழ விடமாட்டேன். கர்னலைக் கூட்டிட்டு வாங்க. வாஷிங்டன்லேருந்து ஆளைக் கூட்டிட்டு வாங்க. இந்தச் சாவி என் கழுத்தை விட்டு இறங்காது.

— பட்டைக்காகன்னா நினைச்சீங்க? பட்டைக்காக?

— வேற எதுக்கு?

— இந்த வருஷம் மட்டும் என் கம்பெனியில ரெண்டு பையனுங்க, மேடம். சண்டையில இல்ல. இங்க, நம்ம ஊர்ல, அவங்கவங்க அறையில, அவங்கவங்க சொந்தத் துப்பாக்கியால. செத்தவனுக்காகக் கடைசியா பேர் கூப்பிடுற சடங்குல நீங்க நின்னிருக்கீங்களா?

— நானே கூப்பிட்டிருக்கேன், கேப்டன்.

— அப்ப உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஒவ்வொரு பேராக் கூப்பிட, ஒவ்வொருத்தனும் ‘இருக்கேன், சார்ஜன்ட்’ங்கிறான். அப்புறம் அந்தப் பேர் வருது. பதில் இல்ல. மறுபடியும் கூப்பிடுறாங்க. அப்பவும் இல்ல. மூணாவது தடவை முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடுறப்ப, முன் வரிசையில உட்கார்ந்திருந்த அவன் அம்மா திரும்பி வாசலைப் பார்த்தாங்க, மேடம். வந்துடுவான்னு பார்த்தாங்க.

— ஐயோ.

— முடிஞ்சதும் என்கிட்ட வந்தாங்க. ‘தினமும் அவன் முகத்துல முழிச்சவர் நீங்க. உங்களுக்குமா தெரியல?’ன்னு கேட்டாங்க. கோபமாக்கூட கேக்கல.

— நீங்க என்ன சொன்னீங்க?

— என்னத்தச் சொல்றது? அந்தம்மா கேட்டதுல என்ன தப்பு? தெரிஞ்சிருக்கணும். எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும். வேற யாருக்குத் தெரியும்?

— உட்காருங்க, கேப்டன். முதல்ல உட்காருங்க. இந்தாங்க, டீ குடிங்க. மறுக்காதீங்க, குடிங்க. நான் உங்களை என்னமோன்னு நினைச்சு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க.

— மன்னிக்க ஒண்ணும் இல்ல. அந்த பிஸ்டலை மட்டும் கொடுங்க. என் பொண்ணு மேல சத்தியம் பண்றேன். அந்தத் துப்பாக்கியால ஓச்சோவா உடம்புல ஒரு கீறல் விழாது. அவன் நல்லா இருப்பான். எனக்கு அது தெரியும்.

— அவனை இன்னைக்குத் தனியா விடமாட்டீங்களே?

— பாதிரியார் வரட்டும், இவன்கிட்ட பேசட்டும். நான் தடுக்கல. துப்பாக்கி மட்டும் என்னோட வரட்டும்.

— ஆளுங்களை நினைச்சு இப்படிக் கலங்குற ஆபீசர் கையில கொடுக்கலைன்னா வேற யார் கையில கொடுக்கிறது? சரி. சட்டம் இருக்கிறது எனக்கும் தெரியும். திங்கட்கிழமை அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். இருங்க, இந்தச் சங்கிலி சட்டையில மாட்டிக்கிச்சு. சாவியை எடுக்கிறேன்.

— வேணாம், சார்ஜன்ட்டம்மா.

— பயப்படாத, கண்ணு. உங்க கேப்டன் உம்மேல உசுரையே வெச்சிருக்கார். நீயே கேட்டேல்ல?

— தெரியும். அதனாலதான் வேணாங்கிறேன்.

— ஓச்சோவா, வாயை மூடு. இது ஆர்டர்.

— மூட மாட்டேன், சார். கோர்ட்டுல நிறுத்துங்க, ஜெயில்ல போடுங்க. இனி ஒரு நிமிஷம் மூட மாட்டேன். சார்ஜன்ட்டம்மா, நான் ஏன் இங்க கொண்டு வந்தேன்னு நினைக்கிறீங்க? நீங்க பிடுங்கி வெக்கணும்னுதான் அப்படி எட்டிப் பார்த்தேன். கிடங்குல கொடுத்தா கேப்டன் கேட்டதும் கொடுத்துடுவாங்க. போலீஸ்ல கொடுத்தா, ‘கேப்டனோட வண்டியில இருந்ததை ஏண்டா எடுத்தே’ன்னு என்னைப் பிடிச்சுக்கிட்டு இதை அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுவாங்க. யார் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன்னு நிக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான்.

— என்னடா சொல்ற? யாரோட துப்பாக்கி இது?

— ஓச்சோவா, போதும். உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன். போதும்ப்பா.

— பெட்டியைத் திறக்காதீங்க, சார்ஜன்ட்டம்மா. அது அவரோடது. நேத்து வண்டிச் சாவி கேக்கப் போனப்ப, ஆபீஸ் கதவை அரைகுறையாச் சாத்திக்கிட்டு, அதை மடியில வெச்சுக்கிட்டு, செத்துப்போன அந்த ரெண்டு பேர் பேரையும் கூப்பிட்டுட்டிருந்தார், அப்புறம் மூணாவதா தன்னோட பேரைக் கூப்பிட்டார்.