கார் ஓட்டுவதற்கென்று ஒரு ஷூ

கார் ஓட்டுவதற்கென்று தனியாக ஒரு ஷூ வாங்குவது வீண் செலவா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் அதைக் கேட்கவில்லை. ஓட்டுநர் பக்கத்து ரப்பர் மேட் எங்கே என்று மட்டும்தான் கேட்டீர்கள். போலீஸ் பிடித்து வைத்திருக்கும் என் காரைப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். மற்ற இடங்களில் மேட் இருக்கிறது, அங்கே மட்டும் இல்லை. சொல்கிறேன், வக்கீலம்மா. ஆனால் மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஷூவிலிருந்துதான் தொடங்க வேண்டும். காபியைக் குடியுங்கள். கலைவாணி வீட்டில் இல்லாததால் நான் போட்டது, கொஞ்சம் கசக்கும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே நாற்பதைத் தாண்டித்தான். அதுவரைக்கும் காரைப் பற்றிப் பேசிக்கொண்டு மட்டும் இருந்தேன். அலுவலகத்தில் யார் கார் வாங்கினாலும் இந்த விஜயராகவனைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். டர்போ என்றால் என்ன, டார்க் என்றால் என்ன என்று நான் விளக்கும்போது கேண்டீன்காரர் கூட வடையை விட்டுவிட்டு வந்து நிற்பார். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கும் வண்டிக்கும் ஒத்துப்போகாது என்று தெரிந்தது. இந்த ரெட்டியார்பாளையத்துத் தெருவில் நான் உரசாத கேட் ஒன்றிரண்டுதான் பாக்கி. நான் வருவதைப் பார்த்தாலே எதிர்வீட்டுக்காரர் கேட்டை முழுசாகத் திறந்துவைத்துவிடுவார். மரியாதை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குறை என்னிடம் இல்லை, ஆபீஸ் ஷூவின் தடித்த அடிப்பாகத்தில் இருக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பார்த்ததும் அப்படியே பிடித்துப்போய்விட்டது. வெளிநாட்டு ஷூ ஒன்றை வரவழைத்தேன். மெல்லிய தோல், அடியில் சின்னச் சின்ன ரப்பர்க் குமிழ்கள், குதிகால் பக்கம் மேலே வளைந்து ஏறியிருக்கும். விலையை மட்டும் கேட்காதீர்கள். உங்களிடம் சொன்னால் கலைவாணியிடம் சொன்னதைத் திருத்த வேண்டி வரும். வாங்கத் தகுந்ததுதானா என்றால், தகுந்ததுதான். பிரேக் எவ்வளவு இறங்குகிறது என்று பாதத்துக்கு நன்றாகத் தெரியும். வெறுங்காலுக்கும் அது தெரியும் என்பதுதான் அதில் இருக்கும் ஒரே சிக்கல்.

எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், உங்கள் வீட்டிலும் இருக்கலாம். சாமி கும்பிட்டு, பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த வண்டி. அதற்குள் செருப்போடு ஏறக் கூடாது என்பது கலைவாணியின் சட்டம். தரையில் விரித்து வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க விடவில்லை. ஏறுகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி சீட்டுக்கு அடியில் வைக்க வேண்டும். என் ஷூ மண்ணையே மிதிக்காதது, அதனால் அதுவும் வெறுங்காலும் ஒன்றுதான் என்று வாதாடி நான் மட்டும் விலக்கு வாங்கினேன். அதை ஒரு துணிப்பையில் வைத்திருப்பேன். நான் வண்டிக்குள் உட்கார்ந்து மாட்டி, இழுத்து, சரிபார்த்து முடிப்பதற்குள் வீட்டார் வியர்த்து நனைந்துவிடுவார்கள்.

கலைவாணியின் தம்பி இராமதாஸை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, உங்கள் கட்சிக்காரன். உப்பளத்தில் இருக்கிறான், சுற்றுலா வேன் ஓட்டிப் பிழைத்தவன். என் வண்டியைத் தண்ணீர் சர்வீஸுக்குக் கொண்டுபோய் வருவதும், ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கனகசெட்டிக்குளத்துக்கு மீன் வாங்கக் கூட்டிப்போவதும் அவன்தான். நல்ல பையன். என்னைக் கேலி செய்ததே இல்லை. கேலி செய்திருந்தால் எனக்கு அவன்மேல் இவ்வளவு கோபம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

உப்பளம் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் எங்கள் கார் ரசிகர்கள் குழு கூடும். ஒரு ஞாயிறு, வரிசையாகக் கூம்பு வைத்து, அதில் இடிக்காமல் வளைந்து வளைந்து ஓட்டும் போட்டி. நான் ஷூ மாட்டிக்கொண்டு போய், அதன் சிறப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு, ஓட்டி, பாதிக் கூம்புகளைச் சாய்த்தேன். எங்களுக்கு இட்லிப் பொட்டலம் கொடுக்க வந்த இராமதாஸை யாரோ, "நீயும் ஒரு ரவுண்டு ஓட்டேன்பா" என்றார்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"வேணாம் சார், மாமா வண்டி இது," என்றான்.

"ஓட்டு மாப்ள, பரவால்ல," என்றேன். பெருந்தன்மை எனக்கு எப்போதும் தப்பான நேரத்தில்தான் வரும். அவன் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடு போனான். ஒரு கூம்புகூட அசையவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வீடியோ குழுவில் சுற்றியது. அதற்குப் பிறகு எனக்கு அங்கே பெயர் ஷூ சார். அலுவலகத்துக்கும் அது வந்து சேர்ந்தது. கேண்டீன்காரர் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் "ஷூ சார்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

ஒரு மனிதன் இதற்கெல்லாம் மனம் நொந்துபோகலாமா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மையிலேயே நொந்துபோனேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. செருப்பைக் கழற்றிப்போட்டு ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று ஊருக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஊருக்கு என்றால், இராமதாஸுக்கு. அதில் உண்மையும் உண்டு. கழற்றிப் போட்ட செருப்பு நகர்ந்து பிரேக்குக்கு அடியில் போய்ச் சிக்கினால் பிரேக் இறங்காது. அதற்கும் வீடியோ இருக்கிறது.

இராமதாஸின் செருப்பு சிக்காது. அவன் அதைச் சீட்டுக்கு அடியில் குறுக்கே போகும் கம்பிக்குப் பின்னால் செருகிவைப்பான். தொழில்காரன் பழக்கம். கீழே ரப்பர் மேட்டும் இருந்ததால், தவறி வெளியே வந்தாலும் நகராது. ஆக, அவன் வழியில் ஆபத்து இல்லை. அந்த ஆபத்தை நான்தான் கொஞ்சம் கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தது.

பிறகு வந்த ஒரு ஞாயிறு காலையில் அவன் வண்டியைச் சர்வீஸிலிருந்து கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். எப்போதும் போலச் செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குள் வந்தான். அக்கா கொடுத்த இட்லியைச் சாப்பிட உட்கார்ந்தான். நான் வெளியே போய் மேட்டை எடுத்தேன். செருப்பைக் கம்பிக்கு முன்னால் இழுத்து, பிளாஸ்டிக் உறையின்மேல் வைத்தேன். ஒரு சாண் தூரம்தான் நகர்த்தினேன். சர்வீஸ் ஈரம் காயாத ரப்பர்ச் செருப்பு, வழவழப்பான உறை. மேட்டை மாடிக்குக் கொண்டுபோய்த் துணிக்கொடியில் போட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது, நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

என் திட்டம் சின்னது. வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொல்வது. எங்கள் வீட்டு முன்னால் பின்னுக்கும் முன்னுக்கும் இரண்டு தடவை போய் வந்தால்தான் திரும்பும். அதற்குள் செருப்பு நகரும், பிரேக் இறங்காது, வண்டி மெதுவாகப் போய் எங்கள் காம்பவுண்டுச் சுவரில் முட்டும். என் வண்டி, என் சுவர். அடுத்தவருக்கு ஒரு பைசா நஷ்டம் வரக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். முட்டியதும் நான் என்ன சொல்வது என்பதைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். "அதுக்குத்தான் சொல்றது, மாப்ள." அவ்வளவுதான். சிரிக்காமல் சொல்ல வேண்டும் என்று கண்ணாடி முன்னால் பழகினேன்.

அவன் ஏறி உட்கார்ந்ததும் கால் வைத்துப் பார்த்துவிட்டு, "மேட் எங்க மாமா?" என்று கேட்டான்.

"கழுவிக் காயப்போட்டிருக்கேன்."

"சொல்லியிருந்தா சர்வீஸ்லயே கழுவியிருப்பாங்களே," என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தான். திருப்பினான். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஒரே திருப்பில் திரும்பிவிட்டது. அந்தத் தெருவில் அப்படித் திருப்ப முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் கலைவாணி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"வண்டி திரும்பித்தான நிக்குது, அப்படியே போயி மீன் வாங்கிட்டு வந்துடறோம். நீங்க அந்த ஷூவ மாட்டி முடிக்கிறதுக்குள்ள நாங்க திரும்பியே வந்துடுவோம்," என்று சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். தம்பியும் அக்காவும் சிரித்தார்கள். வண்டி முனையில் திரும்பி மறைந்தது.

நான் கை காட்டி நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன்.

இராமதாஸுக்குப் போன் செய்திருக்கலாமே என்பீர்கள். வண்டி ஓட்டுகிறவருக்குப் போன் செய்யக் கூடாது. சாலைப் பாதுகாப்பு பற்றிக் குழுவில் நானே பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் கலைவாணிக்குச் செய்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் உடனே எடுத்தாள்.

"என்னங்க?"

"எங்க இருக்கீங்க?"

"காலாப்பட்டு வந்துட்டோம். ஏன்?"

"ஒண்ணுமில்ல. வஞ்சிரம் கிடைச்சா பாரு."

"செல்வாம்பாகிட்ட சொல்லி வாங்கிட்டு வரேன். வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற ஒண்ணும் இல்ல," என்றேன்.

போனை வைத்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஷூவை எடுத்துத் துடைத்தேன். பிறகு குழுவில் போடுவதற்கு ஒரு பதிவு எழுதத் தொடங்கினேன். கழற்றிப் போட்ட செருப்பு எப்படி பிரேக்குக்கு அடியில் போகும் என்று, படிப்பவர் மனதில் படும்படி, நிதானமாக எழுதினேன். என் எழுத்தில் அதுதான் நன்றாக வந்தது. எழுதி முடித்து எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

செல்வாம்பாளை உங்களுக்குத் தெரியாது, வழக்குக் காகிதத்தில் வயதும் பெயரும்தான் இருக்கும். கனகசெட்டிக்குளத்தில் திருப்பத்துக்குப் பக்கத்தில், கூடையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்பு ஒருமுறை நானே ஓட்டிக்கொண்டு போயிருந்தபோது, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்த என் காலைப் பார்த்து, "என்னா சார், அடி பட்டுச்சா? கட்டு போட்டிருக்கீங்க," என்று கேட்டார். ஷூ என்று சொன்னதும், "ஐயோ பாவம்," என்றார். அதற்குப் பிறகு எனக்கு எப்போதும் ஒரு துண்டு மீன் அதிகமாகப் போடுவார். வண்டியைப் பார்த்தால் நாங்கள் என்று தெரிந்து கையை உயர்த்துவார். அன்றைக்கும் உயர்த்தினாராம். அதற்குச் சற்று முன்னால் ஒரு ஆடு குறுக்கே வந்திருக்கிறது, இராமதாஸ் பிரேக்கை மிதித்து நிறுத்தியிருக்கிறான். செருப்பு அப்போது நகர்ந்திருக்க வேண்டும். திருப்பத்தில் மறுபடி மிதித்தபோது பிரேக் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரி போவதற்குள் அவர் இறந்துவிட்டார். கலைவாணிக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. இராமதாஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவன் ஓட்டுவதில் எனக்கு இன்றைக்கும் பெரிய மரியாதை உண்டு.

அன்று சாயங்காலம் அந்தப் பதிவைப் போட்டேன். ஆரம்பத்தில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன், என் குடும்பத்திலேயே இன்று நடந்தது என்று. அதற்குக் கிடைத்த வரவேற்பு எதற்கும் கிடைத்ததில்லை. அந்த ஷூ எங்கே கிடைக்கும் என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். ஷூ சார் என்று சொல்வதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். கேண்டீன்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போது எனக்கும் அழுகை வந்தது, அது நடிப்பில்லை.

இராமதாஸ் இத்தனை மாதமாக வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்கிறாள் கலைவாணி. வேனும் போய்விட்டது. அவனைத் தனியாக விடப் பயந்துகொண்டு அவள் உப்பளத்திலேயே இருக்கிறாள். செருப்பைக் கம்பிக்குப் பின்னால் சரியாக வைத்தோமா இல்லையா என்று அவன் ஓயாமல் யோசித்து, வைக்கவில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டான். நான் பார்க்கப் போனபோது என் காலைப் பிடித்துக்கொண்டான். "உங்க பேச்சக் கேட்டிருந்தா ஒரு உசுரு போயிருக்காது மாமா," என்றான். நான் அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். நாளைக்குக் கோர்ட்டில் தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போகப்போகிறான். நீங்கள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை என்றீர்கள். பிடிவாதம் அவர்கள் குடும்பத்துக்கே உண்டு.

ஆகவே, நீங்கள் கேட்ட மேட்டை எடுத்தது நான். செருப்பை இழுத்து வைத்தது நான். தெரிந்தும் போனில் சொல்லாமல் இருந்தது நான். இதை நாளைக்கு நீதிபதி முன்னால் வைத்தால் இராமதாஸ் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறீர்கள், நல்லது. அவன் வெளியே இருக்க வேண்டியவன், எனக்கு அதில் மறுப்பே இல்லை.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு சொல்லைக்கூட நீங்கள் மாற்றவில்லை. ஒரே ஒரு வரிதான் விடுபட்டிருக்கிறது. இராமதாஸ் அன்றைக்கு ஷூ போட்டு ஓட்டியிருந்தால் அந்த அம்மா பிழைத்திருப்பார். அதையும் சேர்த்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அது இல்லாமல் போட முடியாது.