லாபம், ரெண்டு, மூணு

இல்லீங்க சார், ஃபேன் ஓடலைன்னா பரவால்ல. சத்தம் செல்லுல பதிஞ்சிரும்னு சொன்னீங்களே, அணைச்சே இருக்கட்டும். தக்காளி மண்டியில தகர ஷீட்டுக்கு அடியில உக்காந்தவனுக்கு வேர்வை என்ன புதுசா. நீங்கதான் கம்பெனியில ஏசி ரூம்ல இருக்கறவரு, உங்களுக்குத்தான் கஷ்டம். நாலாவது தடவைங்களா இது? இல்லீங்க, அஞ்சாவது. முதல்ல பேர் சொல்றப்பவே இருமல் வந்துச்சே, அதையும் சேத்து அஞ்சு.

சொல்லிடறேன். பேரு சௌந்தரராஜன். வயசு அறுபத்தாறு. ஓசூர்ல நம்ம சபையிலருந்து சிலோனுக்கு ஊழியத்துக்குப் போன ஆறு பேர்ல நானும் ஒருத்தன். அதுவரைக்கும் சரியா வந்துருது. அடுத்த வரியிலதான் நாக்கு மேலப் போய் ஒட்டிக்குது. நீங்க எழுதிக் கொடுத்ததுல குத்தம் இல்லீங்க. அஞ்சாவதுதான் படிச்சேன், ஆனா எழுத்துக் கூட்டாமயே படிப்பேன். பெருசு பெருசா எழுதியிருக்கீங்க. பஸ் கிளம்பறதுக்கு முன்னாடி நான் எண்ணினேன், முப்பத்திநாலு பிள்ளைங்க. அவ்வளவுதான். இதுல பொய்யே இல்லைன்னு நீங்களும் சொல்றீங்க, பாஸ்டரும் சொல்றாரு. காலையில சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்துனே எம் பொண்ணும் அதத்தான் சொன்னா. அப்பா, நீங்க புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம், எண்ணுனத எண்ணுனேன்னு சொல்லுங்க, போதும்.

சட்டை முதுவுல ஒட்டுதுங்க. இல்ல இல்ல, ஃபேன் வேணாம்.

நான் போகவே வேண்டியதில்ல சார். நீங்கதான் சபைக்குச் செயலாளர், உங்களுக்குத் தெரியாததா. நான் இன்னும் தண்ணியில எறங்கல, ஞானஸ்நானம் எடுக்கல. எம் பொண்ணு மோகனப்ரியா வர்றா, அவ ஊட்டுல இருக்கறதால நானும் வந்து பின்னால உக்காருறேன், அவ்வளவுதான். விடுமுறையில அங்க தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு அஞ்சு நாள் பாட்டு, கதை, வெளையாட்டுன்னு நடத்தணும், அவதான் லீடருன்னு முடிவாச்சு. பாட ஆள் இருக்குது, நாடகம் போட ஆள் இருக்குது, பிள்ளைங்கள எண்ணி ஏத்தி எறக்க ஆள் இல்ல. பாஸ்டர்தான் சொன்னாரு, உங்க அப்பாவக் கூட்டிட்டுப் போம்மா, ராயக்கோட்டை மண்டியில முப்பத்தொரு வருசம் பெட்டி எண்ணுனவரு, ஒரு பெட்டி கூடுனதில்ல கொறஞ்சதில்லன்னு. எனக்கு ஆளுங்க முன்னால பேச வராது. எண்ணச் சொன்னா எண்ணுவேன். சரின்னேன். பாஸ்போர்ட்டுல பாருங்க, பொறந்த தேதி தெரியாததால ஜூன் ஒண்ணுன்னு போட்டிருக்குது.

பெங்களூர்ல விமானம் தூக்கறப்ப எல்லாரும் ஜெபம் பண்ணாங்க. நானும் ஏசப்பான்னேன். உடனே வாய் தன்னால திம்மராயசாமின்னும் சொல்லிருச்சு. மோகனப்ரியா முழங்கையால ஒரு இடி இடிச்சா பாருங்க.

சிரிங்க சார். அன்னைக்கு அவளும் சிரிச்சா.

நுவரெலியா பக்கத்துல தேயிலத் தோட்டம். குளிரு. முப்பத்திநாலு பிள்ளைங்க, பொண்ணு பத்தொம்போது, பையன் பதினஞ்சு. காலையில வந்ததும் எண்ணுவேன், டீக்கு முன்ன எண்ணுவேன், சாப்பாட்டுக்கு முன்ன எண்ணுவேன், மைதானத்துக்குப் போக பஸ் ஏறறப்ப, திரும்பி ஏறறப்ப, அப்பறம் அவுங்கவுங்க லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, அனுப்பறப்ப. நாளைக்கு ஆறு. மூணு நாளுக்குப் பதினெட்டு. பதினெட்டும் சரி. நாலாவது நாள் மைதானத்துலருந்து திரும்பறப்ப எண்ணுனது இருபத்திமூணாவது.

அதுதான் சார் அந்த எண்ணிக்கை. வர்றேன், அதுக்குத்தான் வர்றேன். செல்ல இப்ப நிறுத்தி வெச்சிருக்கீங்க இல்லீங்களா? சரி.

உங்க கம்பெனியில உருப்படி எண்ணுனா ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவீங்க. எங்க மண்டியில ஒண்ணுங்கற பேச்சே கெடையாது. முதப் பெட்டி லாபம். லாபம், ரெண்டு, மூணு, அப்படித்தான் போகும். தெலுங்கு பேசுற விவசாயி வந்தாலும் லாபம், கன்னடம் பேசுற லாரிக்காரன் வந்தாலும் லாபம். அது வாயில ஊறிப் போச்சு. பிள்ளைங்க நின்னாலும் எனக்கு அப்படித்தான் வரும். முதல்ல நிக்கற பிள்ளை தலையத் தொட்டு லாபம்னு நான் சொல்லுவேன். அதுக்கு அடுத்த பிள்ளை அதுவே ரெண்டுன்னு கத்தும், அதுக்கு அடுத்தது மூணு. முப்பத்திநாலு வந்ததும் எல்லாரும் கை தட்டுவாங்க. அந்தப் பிள்ளைங்களுக்கு லாபம்னா ஒரே சிரிப்பு. ரெண்டாவது நாளே எனக்கு லாபத் தாத்தான்னு பேர் வெச்சிருச்சுங்க. முப்பத்தொரு வருசம் மண்டியில இருந்தேன், ஒருத்தன் எனக்குப் பேர் வெக்கல சார்.

நாலாவது நாள் மழை புடிச்சிருச்சு. அந்த ஊர் மழை, எதிர்ல நிக்கற ஆள் தெரியாது. பிள்ளைங்க வரிசையாவது ஒண்ணாவது, கத்திக்கிட்டு ஓடி பஸ்ஸுல ஏறிக்கிச்சுங்க. எனக்கு முட்டி வலி. நம்ம ஆளுங்க ஆறு பேருல நாந்தான் கடைசியா ஏறி, முன் சீட்டுல உக்காந்துனேன். எழுந்து போயி தலை தலையாத் தொட்டிருக்கணும். தொடல. உக்காந்த எடத்துலருந்தே லாபம்னு சத்தமாக் கூப்புட்டேன். எனக்குப் பின்னால இருந்த பையன் ரெண்டுன்னான்.

புரியுதுங்களா. லாபம்னு ஒரு பிள்ளை இல்லீங்க. அது என் வாய்ல மட்டும்தான் இருந்துச்சு. ரெண்டுலருந்து முப்பத்திநாலு வரைக்கும் எண்ணிப் பாருங்க, முப்பத்திமூணு தலைதான். ஒரு தலை மைதானத்துல நின்னுருச்சு. கை தட்டினாங்க, பஸ் கிளம்பிருச்சு.

சபை ஹாலுக்கு வந்து டீயும் பன்னும் கொடுத்தப்ப ஒரு தட்டு மிச்சம். கிருஷாந்தினின்னு ஒரு பொண்ணு, ஏழு வயசு. மழைக்குப் பயந்து சின்னப் பாலத்துக்கு அடியில போய் ஒக்காந்திருக்குது. நாங்க திரும்பிப் போயி, பனி மூட்டத்துல தேடி, கண்டுபுடிக்க ரெண்டரை மணி நேரம். பாலத்துக்கு அடியில தண்ணி இடுப்பளவு வந்திருச்சு. கல்லப் புடிச்சுனு நின்னுருக்குது. உசுரு இருந்துச்சு சார், ஆனா ஒதடு நீலம். நெஞ்சுல சளி கட்டி பதினோரு நாள் ஆஸ்பத்திரி. நாங்க டிக்கெட்டு போட்ட தேதிக்கு வந்துட்டோம். அது வீட்டுக்கு வந்த சேதியே போன்லதான் தெரியும்.

அங்கருந்து வந்த கடுதாசியப் படிச்சேங்க. நீங்க படிச்சுக் காட்டுனீங்களே, அதுக்கப்பறம் வாங்கி நானும் ஒரு தடவ படிச்சேன். அந்த ஊர் சபையில கேக்கறது நியாயம்தான். பஸ்ஸுல ஏறறப்ப எத்தன பிள்ளைன்னு எண்ணுனவரு வாயால சொல்லணும்னு கேக்கறாங்க. முப்பத்திநாலுன்னா பிள்ளை ஏறியிருக்குது, அதுக்கப்பறம்தான் எறங்கியிருக்குது. கதவுக்கிட்ட நின்னது தவமலர். அப்ப தவமலர்தான் எறங்க விட்டிருக்குது. கணக்கு அப்படித்தானே போகுது?

தவமலர் அந்த ஊர் சபைப் பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைங்க டீச்சருங்க. புருசன் கொழும்புக்கு வேலைக்குன்னு போனவன், போனவன்தான். ரெண்டு பிள்ளை. இருக்கறது சபை கொடுத்த ஒரு ரூம்பு. வேலை போனா ரூம்பும் போயிரும். தோட்டத்துக்காரங்க கோவமா இருக்காங்களாம், யாரையாவது வேலைய விட்டு அனுப்புனாத்தான் அடங்குவாங்களாம். அது வாயவே தொறக்கலையாமே? நானும் அதத்தான் கேள்விப்பட்டேன். தப்பு இல்லாதவ ஏன் பேசாம இருக்கான்னு பாஸ்டர் கேட்டாரு.

இந்த லாபம் விசயம் உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். பொண்ணுக்குத் தெரியாது. எப்பத் தெரிஞ்சுதுங்களா? திரும்பி வர்றப்ப, விமானத்துல. விரல விட்டு எண்ணிக்கிட்டே உக்காந்திருந்தேன், அப்பத் தட்டுச்சு.

அறியாம நடந்ததுன்னு சொல்றீங்க. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க கம்பெனியில நீங்கதான் தரம் பாக்கறவரு. ஓட்டை இருக்கற உருப்படிய அறியாம போட்டுட்டேன்னு ஒருத்தன் சொன்னா, பரவால்லன்னு பெட்டியில வெச்சு அனுப்பிருவீங்களா? இல்லைல்ல. ரெண்டு பெட்டியக் கவுத்துக் கொட்டிட்டு மறுபடி பாப்பீங்கன்னு மோகனப்ரியா சொல்லியிருக்கா.

அவளாலதான் சார் எனக்கு இப்படி இருக்குது. அவளுக்குப் பிள்ளை இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். கல்யாணமாகி ஒம்போது வருசம். எங்க ஆளுங்க விசேசத்துக்குப் போனா, வளைகாப்புல அவள ஓரமா உக்கார வெப்பாங்க, அவளும் உக்காந்துட்டு வருவா. நம்ம சபைக்கு வந்தப்பறம்தான் நிமுந்தா. அங்க அந்தப் பிள்ளைங்களுக்கு நடுவுல நின்னு கையக் கால ஆட்டிப் பாடறா, ஒண்ணு முதுவுல தொங்குது, ஒண்ணு துப்பட்டாவ இழுக்குது, அக்கா அக்கான்னு ஒரே கூச்சல். அந்தச் சிரிப்ப நான் அவ எட்டாவது படிக்கறப்பப் பாத்தது. வர்ற மே மாசம் நேபாளத்துக்கும் அவதான் லீடருன்னு பேச்சு. எண்ணுனவன் தப்பா எண்ணிட்டான்னா, எண்ணுனவன் யாரு, லீடரோட அப்பன். அவளக் குத்தம் சொல்லலைன்னாலும் அடுத்த தடவ பேர் வராது. பிள்ளைங்கள நம்பி அவகிட்ட விடுவாங்களா?

இந்தப் பக்கம் போனா தவமலருக்கு ரூம்பு இல்ல. அந்தப் பக்கம் போனா எம் பொண்ணுக்குப் பிள்ளைங்க இல்ல. நடுவுல இந்த நாற்காலியில உக்கார வெச்சு, ஒரு வரி சொல்லுங்க, அது உண்மைதானேங்கறீங்க. உண்மைதான். நான் எண்ணினேன். முப்பத்திநாலுன்னு வந்துச்சு. அந்த வரியில எந்த எழுத்து பொய்யின்னு நானும் பத்து நாளாத் தேடுறேன்.

ஆமாங்க, வார்த்தைக் கொழப்பம்னு எழுதிக்கலாம். நீங்க சொல்றதும் ஒரு வழிதான். மண்டிப் பழக்கம், அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்குப் புரியல, யார் மேலயும் குத்தமில்ல. தவமலரும் தப்பிச்சுக்கும், எம் பொண்ணுக்கும் பெருசா கெட்ட பேர் வராது, வயசானவருக்குப் பழக்கதோசம்னு சிரிச்சுட்டுப் போயிருவாங்க. எனக்கும் அது தோணாம இல்ல. நீங்க இவ்வளவு தூரம் எனக்காக யோசிக்கறது பெருசு சார்.

ஆனா அதையும் சொல்ல முடியாது போலிருக்குது. விமானத்துலதான் தெரிஞ்சுதுன்னு இப்ப சொன்னேன் பாருங்க. அது அப்படி இல்லீங்க.

அந்தக் கிருஷாந்தினிப் பொண்ணு எப்பவும் வரிசையில கடைசியிலதான் நிக்கும். முப்பத்திநாலுங்கறத அதுதான் சொல்லணும். வேற பிள்ளை கடைசிக்குப் போனா இழுத்து முன்னால தள்ளிட்டு, தான் போய் நின்னுக்கும். முன்பல்லு ரெண்டும் இல்லாத வாயி, முப்பத்தி முப்பத்தின்னு காத்துதான் வரும், அதுக்கே எல்லாம் சிரிக்கும். அன்னைக்கு பஸ்ஸுல முப்பத்திநாலுன்னு வந்தது ஒரு பையன் தொண்டை. எனக்குக் கேட்டுச்சு சார். காதுல விழுந்த உடனே, இது அந்தப் பொண்ணு குரல் இல்லையேன்னு தெரிஞ்சிருச்சு. அதுக்குள்ள கை தட்டிட்டாங்க. எம் பொண்ணு, அப்பா கணக்குன்னா கணக்குன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டா. மறுபடி எழுந்து எண்ணுனா என்ன நெனைப்பாங்கன்னு கூச்சமா இருந்துச்சு. முட்டியும் வலி.

தவமலர் கேட்டுச்சுங்க. ஒரு காலு படியில, ஒரு காலு உள்ள, நனைஞ்சுனே நின்னு எனக்கு மட்டும் கேக்கற மாதிரி மெதுவாத்தான் கேட்டுச்சு. அய்யா, இன்னொருக்கா எண்ணிப் பாப்பமா?

எனக்கு எண்ணச் சொல்லித் தர்றியாம்மான்னேன்.

அது உள்ள ஏறி கதவ இழுத்துச் சாத்திருச்சு. போலாம்னு டிரைவருக்குக் கையக் காட்டுனது நான்தான்.